நாஸ்தா வகுப்பு

பழைய வகுப்புத் தோழர்களுக்காக நம்மில் ஒருவர் ஆரம்பித்த வாட்ஸாப் குழுவில் முதலில் மூட்டுவலிக்கு எண்ணெய் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு பேரப்பிள்ளைகளின் படங்களைப் போட்டோம். போன வாரம் திடீரென்று, நாத்திகமும் ஒரு மதம்தானா என்று சண்டை பிடித்துக்கொண்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறி, மறுநாள் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்தோடு திரும்பி வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டை விரலால் தட்டித் தீருகிற விஷயமில்லை அது. தவிர, உங்கள் எல்லோரையும்விட எனக்கு அதில் அனுபவம் அதிகம். ஐந்தாம் வகுப்பில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் அந்த மதத்தில் இருந்தேன். ஒற்றை ஆளாக ஆரம்பித்து, மேலும் பதினாறு பேரைச் சேர்த்தேன். அந்தப் பதினாறில் நாலைந்து பேர் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

ஆளுக்கொரு விதமாக ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் செலக்‌ஷன் பார்ப்பவர். பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரலால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, கத்தி பட்ட இடம் எதுவும் அந்த விரலுக்குத் தப்பாது. மழை பிடித்துக்கொண்டால் அவருடைய கருப்புச் சட்டை காயவே காயாது. அந்த ஈரச் சட்டையில் கடுக்காயும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இப்போதும் வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஊருக்குள் நுழைகையில் அந்த வாசனை வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஒரு சந்தோஷம் வந்து போகிறது.

அப்பாவுக்குக் கடவுள் கிடையாது. ஆனால் கடவுள் இல்லாத எங்கள் வீட்டில் இருந்த கட்டுப்பாடு, அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுண்டலாக இருந்தாலும், கோடி வீட்டுக் கேக்காக இருந்தாலும், எதிர் வீட்டுப் பாயசமாக இருந்தாலும், படைத்ததா படைக்காததா என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். விசாரிப்பதற்குள் பாயசம் ஆறிவிடும். இன்னொன்று, ராகு காலம். நம்பிக்கை இருக்கிறவர்கள் ராகு காலத்தைத் தவிர்ப்பார்கள். அப்பா தேடிப் போவார். ஊருக்குக் கிளம்புவது, புதுச் சட்டை போடுவது, என்னைப் பள்ளியில் சேர்த்தது எல்லாமே ராகு காலத்தில்தான். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனால் அவருக்கு மனசு கேட்காது. தினசரிக் காலண்டரை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த மனிதரை நான் பிறகு பார்த்ததில்லை.

"சாமி கும்புடற வீட்ல கூட இவ்ளோ ஆசாரம் இல்லடி" என்பாள் அம்மா. அவள் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பவள். வாயில் நூலைக் கடித்துக்கொண்டு சொல்வதால் அப்பாவுக்குப் பாதிதான் காதில் விழும்.

நம் பள்ளியில் காலை முதல் பீரியட் ஞாபகம் இருக்கிறதா? முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் தீனியாத் வகுப்புக்குப் போவார்கள். அது அவர்கள் மார்க்கப் பாடம். மற்றவர்களுக்கு நீதி போதனை. நீதி போதனை டீச்சர் நீதிக்கு முன்னால் பிள்ளையாருக்கு ஒரு பாட்டு பாட வைப்பார். ஒருநாள் வீட்டில் நான் தட்டைக் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து நின்றார். மறுநாளே என் கையைப் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்விட்டார்.

நாமெல்லாம் பெரிய சார் என்று கூப்பிடுவோமே, அவர்தான். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கோபமே வராத குரல்.

"எம்பொண்ணப் பாட வெக்காதீங்க சார். நாங்க நாஸ்திகம்" என்றார் அப்பா. நீங்கள் நாத்திகம் என்று எழுதுகிறீர்கள். அப்பா வாயில் அது நாஸ்திகம்தான்.

"சரிங்க. அப்ப தீனியாத்ல உக்கார வைக்கட்டுமா?"

"அதுவும் வேணாம் சார்."

"கிறிஸ்தவப் பசங்களும் நீதி போதனைலதாங்க உக்கார்றாங்க. பாட்டு வந்தா கண்ண மூடிக்கினு அவங்க சாமிய நெனச்சிக்கிறாங்க."

"எம்பொண்ணு கண்ண மூடினா நெனக்கறதுக்கு யாரும் இல்ல சார்."

பெரிய சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். "மதம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா வுட்டா இன்ஸ்பெக்டர் கேப்பாரு. நாஸ்திகம்னு போட்டுடட்டுமா?"

"அது மதம் இல்ல சார். மதமே வேணாம்ங்கறது எப்பிடி மதமாவும்?"

"உங்க ஷெட்ல மூணு தரத்துலயும் சேராத தோல இன்னா பண்ணுவீங்க?"

"ரிஜெக்‌ஷன்ல போடுவோம்."

"அப்ப மொத்தம் குவியல் மூணா, நாலா?"

அப்பா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். வாதத்தில் அவர் திணறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ரிஜெக்‌ஷன் குவியல் இல்ல சார். அது குவியலுக்கு வெளிய இருக்கறது."

"வெளியன்னா எங்க? அதுக்கும் ஒரு மூல ஒதுக்கி வெச்சிருக்கீங்க இல்ல?"

பெரிய சார் பென்சிலால் அந்தக் கட்டத்தில் 'நா' என்று மட்டும் எழுதினார். எனக்கும் ஒரு மூலை ஒதுக்கினார்கள். தாழ்வாரத்தில் தண்டவாளத் துண்டு மணி தொங்குமே, அதன் கீழே இருந்த பெஞ்சு.

அந்தப் பெஞ்சைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இடது பக்கம் தீனியாத் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஓதுகிற சத்தம் வரும். வலது பக்கம் பிள்ளையார் பாட்டு. நடுவில் நான் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற மழையை எண்ணிக்கொண்டிருப்பேன். என் தோஸ்த் தீனியாத் வகுப்பின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் பின்னல் மட்டும் தெரியும். சில நாள் அழுகை வரும். அழுதால் நாஸ்திகத்துக்குக் கேவலம் என்று அடக்கிக்கொள்வேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெஞ்சில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார வேண்டும். கடவுள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

முதலில் வந்து உட்கார்ந்தவர் மணியடிக்கும் காலா. காலா என்றால் உருதுவில் சித்தி. ஊருக்கே அவர் சித்தி. வருஷக்கணக்காகத் தண்டவாளத்தை அடித்து அடித்து அவருக்குக் காது மந்தம்.

"ஏம்மா தெனமும் இங்க உக்காந்துனு இருக்க?"

"நாங்க நாஸ்திகம், காலா."

"இன்னாது?"

"நாஸ்திகம்."

"நாஸ்தா கம்மியா?" காலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ புள்ள. காலைல வூட்ல ஒண்ணும் குடுக்கலியா?"

நான் மறுத்துச் சொல்வதற்குள் அவர் எழுந்து போய்த் தன் டீயையும் ஒரு பன்னையும் கொண்டு வந்தார். பன்னைப் பாதியாகப் பிய்த்து, டீயில் நனைத்து, என் கையில் வைத்தார். படைத்ததா படைக்காததா என்று நான் விசாரிக்கவில்லை. காலையில் வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டிருந்தேன் என்பதையும் சொல்லவில்லை. பன் பெரிதில்லை. என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அதனால் மறுநாளும் நான் நாஸ்தா கம்மியாகவே இருந்தேன்.

ஜன்னல் வழியாக என் தோஸ்த் இதைப் பார்த்துவிட்டாள். இடைவேளையில் ஓடி வந்து கேட்டாள். "ஏய், உங்க மதத்துல டெய்லி நாஸ்தா குடுக்கறாங்களா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யார் வேணா சேரலாம். அப்பா அம்மா லெட்டர் குடுத்தா போதும்" என்றும் சொன்னேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் காலையிலேயே சாப்பாடு போடுகிறார்கள். அப்போது மதியம்தான். நம்மில் பல பேருடைய அம்மாக்கள் விடிந்ததும் ஷெட்டுக்கு ஓடிவிடுவார்கள். வெறும் டீயோடு பள்ளிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு மட்டும் அது அப்போது தெரியாது. என் தோஸ்துக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளே எல்லோருக்கும் லெட்டர் எழுதினாள். எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டாள், நான் வீட்டில் அப்பாவின் புத்தக அட்டையில் பார்த்தபடி எழுத்துக்கூட்டிச் சொன்னேன். 'என் பிள்ளையை நாஸ்திக வகுப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், பள்ளியில் நாஸ்தா தருகிறார்கள் என்று சொல்லி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வந்தார்கள். காகிதத்தில் நாஸ்திகம், வாயில் நாஸ்தா. பெற்றவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு வாரத்தில் பெரிய சார் மேஜையில் பதினாறு லெட்டர்கள் சேர்ந்துவிட்டன. தீனியாத்திலிருந்து ஐந்து பேர், நீதி போதனையிலிருந்து பதினொரு பேர். பெரிய சார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரிஜெக்‌ஷன் குவியல்ல கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சுங்க" என்றாராம். "பெத்தவங்க தெரிஞ்சுதான் கைநாட்டு வெச்சாங்களான்னு எனக்கு சந்தேகம். நீங்களே ஒருநாள் வந்து அவங்களுக்கு இது இன்னான்னு எடுத்துச் சொல்லுங்க. அப்பவும் வேணும்னா நான் தடுக்கல."

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பதினாறு பேரு" என்றார் அம்மாவிடம். "அதுல அஞ்சு பேரு பாய் வூட்டுப் புள்ளைங்க. நான் பத்து வருஷமா ஷெட்ல பேசறேன், ஒருத்தன் திரும்பல. ஒரே ஒருத்தன் ஒத்துக்கினான், அவனும் லீவு கேக்கறப்பதான் ஒத்துக்கினான். இவ வாயத் தொறக்காம ஒரு பெஞ்சுல உக்காந்தே பதினாறு பேர மாத்திட்டா."

என் தலையில் கை வைத்தார். அப்பா தொட்டுப் பேசுகிறவர் இல்லை. அந்தக் கையின் பாரம் எனக்குத் தாங்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் வெறும் அடியோடு போயிருக்கும். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை அணைக்கிற தைரியம் வரவில்லை.

கூட்டம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. நேரம் அப்பாவே கேட்டு வாங்கினார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். நடுவில் இருந்த மூன்று நாளும் அவர் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பேச்சை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். நான் அவர் பக்கத்தில் போய் நிற்பேன். "இன்னாம்மா?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிடுவேன். இப்படி ஏழெட்டு தடவை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தில் பாய் விரித்திருந்தார்கள். பெற்றவர்கள் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. சிலர் கைக்குழந்தையையும் தூக்கி வந்திருந்தார்கள், அதற்கும் ஒரு சின்னக் கிண்ணத்தோடு. அப்பா தட்டுகளைப் பார்த்தார். ஷெட்டுக்கு நேராகப் போகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். பிற்பாடு அம்மாவிடம் சொன்னார்.

பேச்சை ஆரம்பித்து இரண்டு தாள் முடிவதற்குள் ஒரு அம்மா கை தூக்கினார். "இது டெய்லி உண்டாங்க, இல்ல வெள்ளிக்கிழம மட்டும்தானா?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. "டெய்லி வேணும்மா. ஒருநாள் கூட வுடக் கூடாது."

"பெரியவங்களுக்கும் உண்டா?"

"பெரியவங்களுக்குத்தாம்மா மொதல்ல வேணும். அவங்க மாறினாதான் புள்ளைங்க மாறும்."

"இனிமே காலைல நாங்க வூட்ல ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல?"

"ஒண்ணும் செய்ய வேணாம். இத்தன நாள் செஞ்சீங்களே, எதனா பிரயோஜனம் இருந்துச்சா?"

அந்த அம்மாவுக்கு முகம் கொஞ்சம் வாடியது. பின்னால் இருந்து ஒரு பாய் கேட்டார். "சூடா இருக்குமாங்க?"

"ஆரம்பத்துல சூடாத்தான் இருக்கும் பாய். முழுங்கக் கஷ்டமா இருக்கும். போகப் போகப் பழகிடும்."

நான் மணிக்குக் கீழிருந்த பெஞ்சுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். பெரிய சாரைப் பார்த்தேன். அவருடைய தாடி குலுங்க ஆரம்பித்திருந்தது. தமிழும் உருதுவும் தெரிந்தவர் அவர். தட்டு, டம்ளர், கைநாட்டு, காலா தினமும் எனக்குக் கொடுத்த பன் எல்லாம் அவருக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது கைக்குழந்தை ஒன்று காலிக் கிண்ணத்தைத் தரையில் தட்ட ஆரம்பித்தது. அதன் அம்மா, "இருடா, தோ அந்த நாஸ்தா மாமா பேசி முடிச்சதும் போடுவாரு" என்று சமாதானம் சொன்னாள்.

அப்பாவின் கையில் மூன்றாவது தாள் இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினாறு தட்டுகளையும் தோலைப் பார்ப்பது போலவே மெதுவாகப் பார்த்து முடித்தார். பெரிய சார் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உக்காருங்க, உக்காருங்க, நாஸ்தா வந்துனே இருக்கு" என்றார். காலாவை எதிர் ஓட்டலுக்கு அனுப்பினார். இட்லி அண்டாவும் ஒரு வாளி சாம்பாரும் வந்தன. அப்பா தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டார். வரிசையாகக் குனிந்து குனிந்து ஊற்றினார். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது நான் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தேன். அடி வீட்டிலா, வழியிலேயேவா என்பதுதான் என் யோசனை.

"நாஸ்தான்னு நீதான் சொன்னியா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

"தனியா உக்காந்துனு இருந்தேன்பா. யாராவது வருவாங்கன்னு சொன்னேன்."

கொஞ்ச தூரம் ஓட்டினார். "உன்ன எங்க உக்கார வெச்சாங்க?"

"மணிக்குக் கீழ."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. காலா மட்டும் வரும்."

"எத்தினி நாளா?"

"நீங்க வந்து சொன்னதுல இருந்துப்பா."

அப்பா காலை ஊன்றி சைக்கிளை நிறுத்திவிட்டார். கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று பெரிய சாரோடு அவ்வளவு வாதாடியவர், என்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கே அப்போதுதான் உறைத்தது. சைக்கிளைத் திருப்பினார்.

பெரிய சார் தாழ்வாரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், இவ தோஸ்த் எந்த வகுப்புல உக்கார்றா?"

"தீனியாத்லங்க."

"இவளையும் அங்கயே உக்கார வைங்க."

பெரிய சார் கையைத் துடைக்க மறந்து நின்றார். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். பாடம்தான, கேட்டுக்கட்டும். தனியா மட்டும் வெக்காதீங்க."

"அப்ப கட்டத்துல இன்னா எழுத?"

"இன்னா வேணா எழுதிக்குங்க" என்றார் அப்பா.

பெரிய சார் பென்சிலில் எழுதிய 'நா'வை ரப்பரால் அழித்தார். வேறெதுவும் எழுதவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பதினாறு பேருக்கும், பிறகு கேட்டு வந்தவர்களுக்கும், காலையில் ஒரு பன்னும் டீயும் கொடுக்கக் கமிட்டியில் பேசி ஏற்பாடு செய்தார். அதற்கென்று வைத்த நோட்டின் அட்டையில் 'நாஸ்தா வகுப்பு' என்றே எழுதியிருந்தது. நான் அதில் இல்லை. நான் ஜன்னலோரம், என் தோஸ்தின் பின்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஆகவே நாத்திகம் மதமா இல்லையா என்று என்னைக் கேட்டால், அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அப்பாவிடம் அது மதமாகத்தான் இருந்தது என்பேன். அதற்குப் பிறகும் அவர் கும்பிடவில்லை, கருப்புச் சட்டையை விடவில்லை. ஆனால் கோடி வீட்டுக் கேக்கை விசாரிக்காமல் சாப்பிட ஆரம்பித்தார். நீங்கள் அதை என்னவென்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், குழுவை விட்டு மட்டும் வெளியேறாதீர்கள்.

முழுப்பரீட்சை வந்தது. தீனியாத்துக்கும் பரீட்சை உண்டு. சாயங்காலங்களில் அப்பா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார். நபிமார்களின் பெயரை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. அம்மா ஷூ தைத்துக்கொண்டே வாய்க்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். வகுப்பில் முதல் மார்க் எனக்குத்தான் வந்தது. தொண்ணூற்றெட்டு. பெரிய சாரே கூப்பிட்டு என் தலையில் கை வைத்தார். நான் மார்க் அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்து தீனியாத்தில் நிறுத்தினார்.

"மிச்சம் ரெண்டு மார்க் எங்க போச்சு?" என்றார்.